கலர் கம்மி

எங்கள் ஊரில் ‘கலர்’ என்றால் சிவப்பு என்று அர்த்தம். “பொண்ணு நல்ல கலர்” என்று தரகர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. நான் கலர் கம்மி. பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த முப்பத்தொரு வருடத்தில் என்னைப் பற்றி அதிகம் பேர் சொன்ன செய்தி இதுதான். ஆச்சி கஸ்தூரி மஞ்சளும் கடலை மாவும் குழைத்து வாராவாரம் என் முகத்தில் அப்பி, காயும்வரை சிரிக்கக் கூடாது என்று உட்கார வைப்பாள்.

2023 ஜனவரியில், கல்யாணமாகி ஐந்தாவது மாதம், மேரிலாந்தில் உள்ள சில்வர் ஸ்பிரிங்குக்கு வந்து சேர்ந்தேன். வாஷிங்டன் நகரத்தை ஒட்டிய ஊர். மெட்ரோவின் சிவப்புத் தடத்தில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் நகரத்தின் நடுவில் இறங்கலாம். என் விசா எச்-4. கணவரின் வேலையில் தொங்கிக்கொண்டு வரும் விசா. 2015 முதல் எச்-4 வைத்திருப்பவர்களில் சிலருக்கு வேலை அனுமதி தருகிறார்கள், ஆனால் அதற்குக் கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் ஒரு கட்டத்தைத் தாண்டியிருக்க வேண்டும். எங்களுடையது அங்கே வரவில்லை. ஊரில் ஒரு கல்லூரியில் ஏழு வருடம் ஆங்கில இலக்கியம் நடத்தியவள், இங்கே பகல் பதினோரு மணிக்கு ஜன்னலோரம் நின்று குப்பை லாரி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

குளிர், பனி, மசாலா சாமான் கிடைக்கும் கடை எல்லாம் இரண்டு மாதத்தில் பழகிவிட்டன. பழகாதது ஒன்றுதான். மார்ச்சில் ஒரு மருத்துவமனைக்கு அப்பாயின்ட்மென்ட் கேட்டுப் போன் செய்தேன். என் பிறந்த தேதியை மூன்று முறை சொன்னேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்: “வீட்டில் இங்கிலீஷ் பேசுகிறவர் யாராவது இருக்கிறார்களா?” போனைக் கணவரிடம் கொடுத்தேன். அவர் பேசியதும் அதே இங்கிலீஷ்தான். ஆறு வருடப் பழக்கத்தில் ‘வாட்டர்’ அவர் வாயில் ‘வாடர்’ ஆகியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குப் பிறகு வீட்டில் எல்லாப் போனும் அவர் பேசினார். கடையில் விலை கேட்பதற்குக்கூட நான் வாய் திறப்பதைக் குறைத்துக்கொண்டேன். அவரும் அன்பாகத்தான் செய்தார். அன்பாகச் செய்ததால்தான் எனக்கு அது புரியவே நாளாயிற்று.

ஏப்ரலில் நூலக அறிவிப்புப் பலகையில் ஒரு தாள். பாட்காஸ்ட் பயிற்சி, கட்டணம் இல்லை, ‘விமன் ஆஃப் கலர்’, அதாவது வெள்ளையரல்லாத பெண்கள், யாரும் வரலாம். அந்தச் சொல்லை நான் கல்லூரியில் வகுப்பெடுத்திருக்கிறேன். ஆனாலும் அது என்னைக் கூப்பிடுகிறது என்று உறைக்க ஒரு நிமிடம் ஆனது. கலர் இல்லை, கலர் இல்லை என்று சொல்லியே வளர்த்தவளைப் பார்த்து ‘நீ கலர் உள்ளவள், உள்ளே வா’ என்கிறது ஒரு தாள்.

பயிற்சி நடத்தியவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வாஷிங்டனிலேயே பிறந்த கருப்பினப் பெண்மணி, அறுபத்தெட்டு வயது. நான் டீச்சரம்மா என்றே கூப்பிட்டேன். அர்த்தம் சொன்னதும் அவருக்குப் பிடித்துப்போய், மற்றவர்களும் அப்படியே அழைக்கத் தொடங்கினார்கள். இரண்டு எத்தியோப்பியப் பெண்கள், ஒரு எல் சால்வடார் பெண், இரண்டு கருப்பினப் பெண்கள், நான். முதல் நாளே டீச்சரம்மா ‘விமன் ஆஃப் கலர்’ என்ற பெயரின் கதையைச் சொன்னார். 1977 நவம்பரில் ஹியூஸ்டனில் தேசியப் பெண்கள் மாநாடு. கருப்பினப் பெண்கள் தங்களுக்கென்று ஒரு கோரிக்கைப் பட்டியலோடு போயிருந்தார்கள். மற்ற சிறுபான்மைப் பெண்களும் அதில் சேர விரும்பினார்கள். எல்லோரும் சேர்ந்தபின் அதைக் ‘கருப்பினப் பெண்களின் பட்டியல்’ என்று சொல்ல முடியாதல்லவா? அப்போது எடுத்துக்கொண்ட பெயர்தான் இது என்று லொரெட்டா ராஸ் என்ற போராளி பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். “இது தோலின் பெயர் இல்லை. ஒருத்திக்கு ஒருத்தி கொடுத்த வாக்கு,” என்றார் டீச்சரம்மா.

நான் அங்கே போவது எங்கள் தமிழ் வட்டத்தில் சிலருக்குப் பிடிக்கவில்லை. “அந்த ஏரியா பக்கம் தனியா போகாதம்மா” என்று ஒரு அக்கா. “அவங்களோட நமக்கென்ன?” என்று அவர் கணவர். இருவரும் எங்களுக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர்கள், நல்லவர்கள். என்றாலும் இதை எழுதாமல் விட என்னால் முடியாது. கலர் கம்மி என்று நம்மைக் குத்திய அதே அளவுகோலைத்தான் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்து இங்கே இன்னொருவர் மேல் வைக்கிறோம். நாம் இங்கே வந்ததே யாரால்? 1946-க்குப் பிறகுகூட இந்தியாவிலிருந்து ஆண்டுக்கு 100 பேருக்குத்தான் குடியேற ஒதுக்கீடு. 1965 அக்டோபரில் கையெழுத்தான குடியேற்றச் சட்டம்தான் அந்தக் கதவைத் திறந்தது. அதற்கு முந்தைய வருடம் சிவில் உரிமைச் சட்டம், அதே வருடம் வாக்குரிமைச் சட்டம். மூன்றும் ஒரே அலையில் வந்தவை. அந்த அலையைக் கிளப்பியவர்கள் தெருவில் அடிபட்ட கருப்பின மக்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று, எட்டு வயதில், அப்பாவின் தோளில் உட்கார்ந்து, சிவில் உரிமை கேட்டு நடந்த வாஷிங்டன் பேரணிக்காக லிங்கன் நினைவிடத்துக்குப் போனவர் எங்கள் டீச்சரம்மா. அன்று மேடையில் பெண்கள் பாட இடமிருந்தது, மஹாலியா ஜாக்சன் பாடினார். பேச? அதிகாரபூர்வ நிகழ்ச்சியில் டெய்சி பேட்ஸ் என்ற போராளி மட்டும் மிகச் சிறிது நேரம் பேசினார். டீச்சரம்மாவின் அம்மா சாகும்வரை அதைச் சொல்லிச் சொல்லி ஆறாமல் இருந்தாராம்.

இனி மைக். பயிற்சி நடந்த அறையில் ஒரு மேசை, நான்கு மைக், சுவரெல்லாம் கருப்புப் பஞ்சு. டீச்சரம்மா எங்களை வரிசையாக உட்கார வைத்து, உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து ‘பீப்பிள்’ என்று சொல்லச் சொன்னார். இந்த ஊரில் பிறந்தவர்கள் சொன்னபோது ‘ப’ அவர்கள் கையில் காற்றாக மோதியது. அந்தக் காற்றுதான் மைக்கில் ‘டொப்’ என்று விழுந்து பதிவைக் கெடுக்கும். நான் சொன்னேன். கையில் ஒன்றுமே படவில்லை. நம் ‘ப’ காற்றைத் தள்ளாத ‘ப’. டீச்சரம்மா ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “இன்னொரு தடவை சொல்லு” என்றார். பிறகு மற்றவர்களிடம் திரும்பி, “இவளுக்கு மைக்கைத் தள்ளி வைக்க வேண்டாம்” என்றார். மருத்துவமனையில் புரியாமல் போன அதே உச்சரிப்பு.

அன்று வீடு திரும்பும்போது மெட்ரோவில் அழுதேன்.

கமலா ஹாரிஸ் தன் அம்மா சியாமளாவைப் பற்றி எழுதியது அப்போது நினைவுக்கு வந்தது. 19 வயதில், 1958-ல் பெர்க்லிக்குப் படிக்க வந்து, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சியாளரானவர். அவருடைய உச்சரிப்பைக் கேட்டு அவரை ஒன்றும் தெரியாதவர்போல நடத்தினார்கள் என்று மகள் எழுதியிருக்கிறார். அந்த அம்மாவும் பெர்க்லியில் கருப்பின மாணவர்கள் நடுவேதான் தன் மனிதர்களைக் கண்டுகொண்டார்.

இன்னொன்று என்னை அதைவிட உலுக்கியது. அடிமைமுறைக்கு எதிராகப் போராடிய சோஜர்னர் ட்ரூத்தின் ‘நானும் பெண்ணில்லையா?’ உரையை ஊரில் வருடாவருடம் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். அமெரிக்கத் தென்மாநிலத்து அடிமைப் பேச்சின் கொச்சையை அப்படியே வாசித்துக் காட்டுவேன், மாணவிகள் கைதட்டுவார்கள். டீச்சரம்மா தலையை ஆட்டினார். ட்ரூத் தென்மாநிலத்தவரே இல்லை. நியூயார்க் மாநிலத்தில், டச்சு பேசும் குடும்பத்தில் அடிமையாகப் பிறந்தவர். அவருடைய தாய்மொழி டச்சு. ஆங்கிலம் பிறகு கற்றுக்கொண்டது. 1851-ல் ஓஹையோவின் ஆக்ரனில் அவர் பேசியதை அடுத்த மாதமே ஒரு பத்திரிகை வெளியிட்டது. அந்தப் பதிப்பில் இந்தப் புகழ்பெற்ற வரியும் இல்லை, கொச்சையும் இல்லை. 12 வருடம் கழித்து, 1863-ல், ஃபிரான்சிஸ் கேஜ் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி தன் நினைவிலிருந்து எழுதியபோதுதான் இரண்டும் வந்து சேர்ந்தன. கேஜ் அவரை மதித்தவர், எதிரி இல்லை. ஆனாலும் ஒரு பெண்ணின் வாய்க்குள் இன்னொருவரின் நாக்கை வைத்துவிட்டார். அதை நான் ஏழு வருடம் மேடைக் குரலில் பரப்பியிருக்கிறேன்.

எழுதப் படிக்கத் தெரியாத அதே ட்ரூத், 1864-ல் தன் புகைப்பட அட்டைகளுக்குத் தன் பெயரிலேயே காப்புரிமை வாங்கி விற்றார். குரலைப் பதிந்துவைக்க அன்று கருவி இல்லை. இருந்திருந்தால் அதையும் தன் பெயரில்தான் வைத்திருப்பார். டீச்சரம்மா பாட்காஸ்டைப் பிடித்துக்கொண்டதன் காரணம் இதுதான். நீ பேசியதை நீயே பதிந்து, நீயே வெட்டி, நீயே ஏற்றுகிறாய். நடுவில் எந்த ஆசிரியரும் உன் வாக்கியத்தைத் திருத்தப் போவதில்லை.

ஜூலையில் எங்களை நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரிக்கு அழைத்துப் போனார். அங்கே நுழைவுக் கட்டணமே கிடையாது. ஏமி ஷெரால்ட் வரைந்து 2018-ல் திறந்துவைத்த மிஷேல் ஒபாமாவின் படத்துக்கு முன்னால் நின்றோம். ஆறடி உயரம். வெளிர் நீலப் பின்னணி, தரையில் பரந்த கவுன், மோவாயைத் தாங்கிய கை. அந்தக் கை சாம்பல் நிறம், முகமும் சாம்பல். ஷெரால்ட் எப்போதும் கருப்பின மனிதர்களின் தோலை இப்படித்தான் வரைவார். பார்ப்பவர் கண்ணுக்கு முதலில் நிறம் கிடைக்காது, ஆளைத்தான் பார்க்க வேண்டும். எட்டு வயதில் கண்ணாடி முன்னால் மாவு காய உட்கார்ந்த பிள்ளைக்கு இந்தப் படம் கிடைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

கவுனில் வெள்ளைமேல் கருப்பும் சிவப்பும் மஞ்சளுமாகக் கட்டம் கட்டமான கோலம். அலபாமாவில் ஆற்று வளைவில் இருக்கும் ஜீஸ் பெண்ட் கிராமத்துப் பெண்களின் ஒட்டுப்போர்வைகளை அது நினைவூட்டுகிறது என்று ஷெரால்ட் சொன்னாராம். அடிமைகளின் வழிவந்த பெண்கள், கிழிந்த வேலை உடைகளை வெட்டித் தைத்துக் குளிருக்குப் போர்த்திக்கொண்டவை. அவை 2002-ல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகச் சுவரில் ஏறின. என் ஆச்சி பழைய நூல் சேலைகளை நான்காக மடித்துத் தைத்து வைத்திருப்பாள். அதில்தான் நான் பிறந்து கிடந்தேன். அதை யாரும் கலை என்று சொன்னதில்லை, நானும்தான்.

அதே கட்டடத்தின் மறுபாதி ஸ்மித்சோனியனின் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம். டீச்சரம்மா எங்களை ஆல்மா தாமஸின் ஓவியங்களுக்கு முன்னால் கொண்டு நிறுத்தினார். சின்னச் சின்னத் தீற்றல்களாகச் சிதறிய நிறம். ஆல்மா இதே நகரத்தில் 35 வருடம் பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். 1960-ல் ஓய்வு பெற்றபின்தான் முழுநேரமாக வரையத் தொடங்கினார், வீட்டு ஜன்னலுக்கு வெளியே நின்ற மரத்தின் இலைகளுக்கிடையில் வரும் ஒளியைப் பார்த்துப் பார்த்து. விட்னியில் தனிக் கண்காட்சி கண்ட முதல் கருப்பினப் பெண் அவர். அது 1972-ல், அவருடைய எண்பதாவது வயதில். “நானும் ரிடையர் ஆன வாத்தியார்தான்,” என்று டீச்சரம்மா சொன்னபோது குரல் உடைந்தது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

என் பாட்காஸ்ட் செப்டம்பரில் தொடங்கியது. ஒலிப்பதிவு அறை வாரம் ஒரு முறைதான் கிடைக்கும் என்பதால் வீட்டுத் துணி அலமாரிக்குள் பதிவு செய்கிறேன். எட்டுப் பட்டுச்சேலை, நான்கு குளிர்கோட்டு, தரையில் மடித்த கம்பளி. துணி நிறைந்த இடத்தில் எதிரொலி அடங்கிவிடுகிறது என்பது என் அனுபவம். ஒரு வாரம் தமிழ், ஒரு வாரம் ஆங்கிலம். முதல் பகுதி ‘கலர்’ என்ற ஒரே சொல்லைப் பற்றி. எல் சால்வடார் தோழி அவள் ஊரில் இதற்கு என்ன சொல்வார்கள் என்று பேசினாள், எத்தியோப்பியத் தோழிகள் அவர்கள் ஊரில் என்ன என்று பேசினார்கள். வீட்டுக்கு வீடு மாவு வேறு, பிள்ளை உட்கார்ந்த நாற்காலி ஒன்றுதான். ‘அவங்களோட நமக்கென்ன’ என்று கேட்டவரின் மனைவி, அந்த அக்கா, அதைக் கேட்டுவிட்டு ராத்திரி பத்து மணிக்குப் போன் செய்தார். ஒரு மணி நேரம் பேசினார். என்ன பேசினார் என்பது அவருடையது.

அக்டோபரில் அதே மருத்துவமனைக்கு நானே போன் செய்தேன். பிறந்த தேதியை ஒரு முறை, நிதானமாக, என் நாக்கிலேயே சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் போனுக்குக் கை நீட்டவில்லை.

போன மாதம் ஆச்சியைப் பேச வைத்தேன். எண்பத்துநான்கு வயது. வாட்ஸ்அப்பில் அம்மா போனைப் பிடித்துக்கொள்ள, ஆச்சி முதலில் மாட்டேன் என்றாள். “எனக்கு என்னளா தெரியும்? படிச்சவள்ட்ட கேளு.” சேலை தைப்பதைப் பற்றிக் கேட்டேன். நூல் எப்படிக் கோப்பது என்று ஆரம்பித்தவள் நாற்பது நிமிடம் பேசினாள். பின்னணியில் காக்கா, தெருவில் உப்பு வண்டிக்காரர் சத்தம். முடிக்கும் நேரத்தில் அவளாகவே நிறுத்தி, “ஏளா, அந்த மாவு பூசுனேனே ஒனக்கு,” என்றாள். “என்னையப் பொண்ணு பாக்க வந்தவுஹ கருப்புன்னு சொல்லி எட்டு பவுன் கூடக் கேட்டாவ. எங்கய்யா வயல வித்துப் போட்டாரு. ஒனக்கும் அப்படிக் கேட்டுறக் கூடாதேன்னுதான்.”

அம்மாவுக்கே அது தெரியாது. போனில் சிறிது நேரம் காக்கா சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஆச்சி, “இதெல்லாம் பதிவாவுதா?” என்று கேட்டாள். ஆகிறது ஆச்சி, வேண்டாமென்றால் எடுத்துவிடுகிறேன் என்றேன்.

“எடுக்காத. இருக்கட்டும்,” என்றாள்.