29-ஆம் நாள் போட்ட அப்பீல்

பதினொரு வருடம் உழைத்த கம்பெனி 52 வயதில் என்னை அனுப்பிவிட்டு, என் இடத்தில் முப்பது வயதுக்காரரை உட்கார வைத்தது. இ.இ.ஓ.சி.யில் (வேலையில் பாகுபாடு பற்றிய புகார்களை விசாரிக்கும் அமெரிக்க மத்திய அரசு ஆணையம்) புகார், வழக்குப் போடலாம் என்று அவர்கள் தரும் கடிதம், 90 நாளுக்குள் ஃபெடரல் கோர்ட்டில் வழக்கு, எல்லாம் சிக்கலில்லாமல் நடந்தன. வக்கீல் வைக்க வசதியில்லை, நானே வாதாடினேன். மனுவில் போதிய விவரம் இல்லை என்று நீதிபதி ஆரம்பத்திலேயே தள்ளுபடி செய்துவிட்டார்.

அந்த உத்தரவு தபாலில் வந்து சேர 9 நாள். அப்பீல் போட, வந்த நாளிலிருந்து 30 நாள் எண்ணி காலண்டரில் வட்டம் போட்டிருந்தேன். தப்புக் கணக்கு. கோர்ட் பதிவேட்டில் தீர்ப்பு ஏறிய நாளிலிருந்துதான் 30 (மத்திய அரசும் வழக்கில் ஒரு தரப்பென்றால் 60). 26-ஆம் நாள் சட்ட நூலகத்தில் ஒரு அம்மா தேதியைக் கவனித்துச் சொன்னார். அவர் சொல்லாவிட்டால் எல்லாம் போயிருக்கும். நீதிபதி தவறாகக் கொடுத்த தேதியை நம்பித் தாமதித்தவரின் அப்பீலையே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2007-இல் ஏற்கவில்லை.

28-ஆம் நாள் இரண்டரை மணி நேரம் காரோட்டி அப்பீல் கோர்ட்டுக்குப் போனேன். அப்பீலை அங்கேதான் கொடுக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். கவுன்டரில் இருந்தவர் காகிதத்தைத் தொடக்கூட இல்லை. "கீழ்க் கோர்ட்டில் போடுங்கள்" என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். தவறி அங்கே வந்த அப்பீல் நோட்டீஸையும் தேதி குறித்துக் கீழே அனுப்பிவைக்க வேண்டும் என்று அப்பீல் விதி 4(டி) இருப்பது பிறகுதான் தெரிந்தது. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் அந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள், திரும்பி வராதீர்கள். நான் ஊர் திரும்புவதற்குள் இங்கே கீழ்க் கோர்ட்டை மூடிவிட்டார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. மறுநாள் கதவு திறக்கும்போதே போய் 605 டாலர் கட்டி, என் நகலில் தேதி முத்திரை வாங்கிய பிறகுதான் மூச்சு வந்தது. கடைசி நேரத்தில் தபாலை நம்பாதீர்கள். அனுப்பிய நாள் கணக்கில்லை, அவர்கள் கைக்குப் போன நாள்தான் கணக்கு.

பிரீஃப் (அப்பீலில் நம் வாதத்தைச் சொல்லும் எழுத்து) எழுதும்போது புது ஆதாரம் எதையும் சேர்க்காதீர்கள். பழைய சக ஊழியர் பிறகு அனுப்பிய நல்ல ஈமெயில் ஒன்றை மனசேயில்லாமல் எடுத்தேன்; கீழே பதிவில் இருப்பதை மட்டும்தான் மேலே பார்ப்பார்கள். எதிர்த்தரப்பு, வெறும் குற்றச்சாட்டு போதாது, மனுவில் நம்பும்படியான விவரங்கள் வேண்டும் என்ற 2009 உச்ச நீதிமன்ற இக்பால் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டது. நான் அதே நீதிமன்றத்தின் 2002 ஸ்வியர்கீவிச் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டேன். அந்த வழக்கைப் போட்ட ஸ்வியர்கீவிச் ஹங்கேரியில் பிறந்தவர், 53 வயது, என்னைப் போலவே வேலையிழந்தவர். பாகுபாட்டு வழக்கில் மனுவிலேயே எல்லாவற்றையும் நிரூபிக்கத் தேவையில்லை என்று அத்தனை நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்ன வழக்கு அது.

போன வாரம் உத்தரவு வந்தது. தள்ளுபடி ரத்து, வழக்கு கீழே திரும்புகிறது. இனி கம்பெனி என் மனுவுக்குப் பத்தி பத்தியாகப் பதில் எழுத வேண்டும்.