ஜெயிச்சா போடலாம்

"ஜெயிச்சா போடலாம் தம்பி" என்றுதான் சொன்னேன். திட்டவில்லை, குரல்கூட உயரவில்லை. ஆனால் ராத்திரி பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை அச்சுக்கு அனுப்பிவிட்டு பைக்கை எடுக்கும்போதெல்லாம் இந்த மூன்று வார்த்தை கூடவே வருகிறது.

2025 அக்டோபர் 14. கோவாவில் இந்தியக் கால்பந்து அணி சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்றது. சாங்டே 14-ஆவது நிமிடத்தில் கோல் போட்டபோது டெஸ்கில் முதலில் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தவன் நான்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். இடைவேளைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது சிங்கப்பூரின் சோங் உய்-யங் சமன் செய்தார், 58-ஆவது நிமிடத்தில் அவரே இன்னொன்று. 2027 ஆசியக் கோப்பைக் கனவு அதோடு சரி. நாலு ஆட்டத்தில் இரண்டே புள்ளி. சிங்கப்பூரில் மொத்தமே சுமார் 60 லட்சம் பேர்தான், நாம் 140 கோடி என்று சத்தமாகப் புலம்பினேன். மக்கள்தொகையா வந்து பந்தை உதைக்கப்போகிறது, அபத்தமான கணக்குதான், ஆனால் தோற்ற அன்றைக்கு வாயில் அதுதான் வருகிறது.

பயிற்சிக்கு வந்து எட்டு மாதம் ஆன பையன் ஒருவன், கல்லூரி அணியில் லெஃப்ட் பேக் ஆடியவன், செய்தி ஏஜென்சி காப்பியைத் தமிழில் எழுதிவிட்டு யாரும் கேட்காமலே கீழே நாலு பத்தி சேர்த்திருந்தான். நல்ல பத்திகள், அதுதான் பிரச்சினையே. 40 வயதில் ஸ்ட்ரைக்கர் சேத்ரியை ஓய்விலிருந்து திரும்பக் கூட்டிவர வேண்டிய நிலை ஏன் வந்தது, கிளப்புகள் எல்லாம் கோல் அடிக்கிற இடத்தில் வெளிநாட்டுக்காரரையே நிறுத்தினால் உள்ளூர் ஸ்ட்ரைக்கர் எங்கே போய் ஆடிப் பழகுவான், கிளப்புகள் ஆடுகிற ஐஎஸ்எல் லீக் எப்போது தொடங்கும் என்றே தெரியாத வருடத்தில் தேசிய அணிக்கு எங்கிருந்து ஆட்டப் பழக்கம் வரும், 2024 ஜூனில் பயிற்சியாளர் ஸ்டிமாச்சை அனுப்பினார்கள், அப்புறம் மார்க்கேஸ், இப்போது காலித் ஜமீல், ஒரு பயிற்சியாளராவது அணியின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்யும்வரை இருந்தாரா என்று வரிசையாகக் கேட்டிருந்தான்.

பக்கத்தின் கீழ்ப்பாதி தீபாவளி ஜவுளி விளம்பரம். மேல்பாதியில் டெல்லி டெஸ்ட். அன்று காலைதான் வெஸ்ட் இண்டீஸை வென்று தொடரை 2-0 என்று முடித்திருந்தார்கள், கில் கேப்டனாக வென்ற முதல் டெஸ்ட் தொடர். படம், ஸ்கோர் போர்டு, பேட்டி எல்லாம் வைத்த பிறகு ஓரத்தில் ஒரு சிங்கிள் காலம் அகலத்துக்கு இடம் மிஞ்சியது. நாலு பத்தியையும் தூக்கினேன். ஒன்பது வரி நின்றது. ‘ஆசிய கோப்பை: இந்தியா அவுட்.’

அவன் என் மானிட்டருக்குப் பின்னால் வந்து நின்றான். "சார், இந்த நாட்டுல கால்பந்தை எவனும் மதிக்கிறதில்லைன்னு நீங்கதானே சொல்வீங்க?" அதற்குத்தான் அந்தப் பதில்.

"ஓமனை ஜெயிச்சப்ப எத்தனை வரி போட்டோம் சார்?"

அன்னிக்கு நான் லீவு என்று சொன்னேன். தம்பி சரி சார் என்று போய்விட்டான்.

லீவு இல்லை. மறுநாள் பழைய பிடிஎஃப்பைத் திறந்து பார்த்தேன், பார்க்காமலே இருந்திருக்கலாம். செப்டம்பர் 8, தஜிகிஸ்தானின் ஹிசோரில் மூன்றாம் இடத்துக்கான ஆட்டம், பெனால்டியில் கோல்கீப்பர் குர்பிரீத் கடைசி ஷாட்டைத் தடுக்கிறார், ஓமனை நாம் வென்றதே அதுதான் முதல் தடவை. என் பக்கத்தில் அல்கராஸ் யுஎஸ் ஓபன் கோப்பையோடு நாலு காலம் அகலத்துக்குச் சிரிக்கிறார், அதற்குக் கீழே அடுத்த நாள் தொடங்கவிருந்த ஆசியக் கோப்பை கிரிக்கெட் முன்னோட்டம். ஓமன் ஆறு வரி. தோற்றதற்கு ஒன்பது, ஜெயித்ததற்கு ஆறு.

இன்னும் பின்னாலும் போகலாம். 2018 ஜூனில் மும்பையில் சீன தைபேயை 5-0 என்று அடித்தார்கள், சேத்ரி ஹாட்ரிக், மைதானத்தில் இருந்தது 2,569 பேர். அதை எவ்வளவு சிறிதாகப் போட்டோம் என்று நினைவில்கூட இல்லை. அடுத்த நாள் அவர் வீடியோவில் வந்து, திட்டுவதற்காகவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்று கும்பிடாத குறையாகக் கேட்டபோது பாக்ஸ் கட்டி, படம் வைத்துப் போட்டது நினைவிருக்கிறது. உருக்கமான தலைப்பு வேறு, என் உபயம்.

சரி, நான் செய்தது தவறா? அன்றைக்கு இருந்த இடத்துக்கு என் நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். டெஸ்ட் தொடர் வெற்றியைக் குறைத்து ஒரு கால்பந்துத் தோல்வியை அலச முடியுமா, காலையில் போன் வராதா? தவிர, நான் தொண்ணூறு வரி போட்டிருந்தால் சோங் உய்-யங் கோலைத் தவறவிட்டிருப்பாரா? 2023 ஜூலையில் தரவரிசையில் 99-இல் இருந்த அணி இப்படிச் சரிந்ததற்குக் கால்பந்துச் சம்மேளனம் பதில் சொல்லட்டும், சப் எடிட்டர் ஏன் சொல்ல வேண்டும்? இதெல்லாம் நியாயமாகத்தான் படுகிறது. பைக் சிக்னலில் நிற்கும்வரை.

வெட்டிய நாலாவது பத்தியில் ஒரு விஷயம் இருந்தது. ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவின் முதல் கோலை 1948-இல் பிரான்ஸுக்கு எதிராக அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் ஆடியவர் சைமன் சுந்தர்ராஜ். இரண்டுமே நமக்குப் பழகிய பெயர்கள். தமிழ்ப் பத்திரிகையில் பத்தொன்பது வருடமாக விளையாட்டுப் பக்கம் பார்க்கிற எனக்கு இது அந்தப் பையன் எழுதித்தான் தெரியும், தெரிந்த அடுத்த நிமிடமே டெலீட் அடித்தேன்.

அவனிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு மூன்று தடவை வாயெடுத்தேன். அந்த லீவு விஷயத்தையும் சேர்த்துத்தான். டீ குடிக்கப் போகும்போது பேச்சு வேறு எங்கோ போய்விடும்.

நவம்பர் 18. டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1, 22 வருடத்தில் அவர்களிடம் முதல் தோல்வி. அன்றைக்கு இடம் இருந்தது. கொல்கத்தா டெஸ்ட் மூன்றே நாளில் முடிந்துவிட்டது, கவுகாத்தி டெஸ்டுக்கு இன்னும் நாலு நாள், தீபாவளி விளம்பரமும் இல்லை. அவன் காப்பியை அனுப்பினான். ஐந்து வரி.

"பிட் நியூஸுக்கு இது போதும்ல சார்?"

போதும் என்றேன். மிச்ச இடத்தில் கிரிக்கெட் நெட் பயிற்சிப் படம் ஒன்றைப் பெரிதாக வைத்துப் பக்கத்தை அனுப்பினேன்.