ஸ்டியரிங்கில் மின்னுவது அழுக்கு

தோல் ஸ்டியரிங் பளபளவென்று இருந்தால் நன்றாகப் பராமரிக்கிறோம் என்று நினைத்துவிடாதீர்கள், அது கை வியர்வையும் எண்ணெய்ப் பசையும் சேர்ந்த அழுக்கு. புதிதாக வந்தபோது அது மங்கலாகத்தான் இருந்திருக்கும். சென்னை மே மாதப் புழுக்கத்தில் இது சீக்கிரமே படிந்துவிடுகிறது.

நான் வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பேபி ஷாம்பு விட்டு, மைக்ரோஃபைபர் துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் துடைத்து, தையல் ஓரங்களில் மட்டும் மென்மையான பிரஷ் போட்டு, துணியில் பழுப்பு ஏறுவது நிற்கும்வரை விடமாட்டேன். அப்புறம் ஈரமில்லாத துணியால் ஒரு முறை, அவ்வளவுதான். எதையும் நேராக ஸ்டியரிங் மேல் ஸ்பிரே அடிக்க வேண்டாம், ஹாரனும் ஸ்விட்சுகளும் அங்கேதான் இருக்கின்றன.

சானிடைசர் காயாத கையோடு ஸ்டியரிங்கைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். ஆல்கஹால் தோலின் மேல்பூச்சைக் கெடுத்துவிடும். என் வண்டியில் கை வைக்கும் இரண்டு இடத்திலும் நிறம் உரிந்தது அப்படித்தான், பார்க்கவே வேதனையாக இருந்தது. டேஷ்போர்டு பாலிஷும் தேங்காய் எண்ணெயும் வேண்டாம், திருப்பத்தில் கை வழுக்கும். நிழல் கிடைக்காத நாளில் ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்திவிட்டுப் போகிறேன், மதியம் வந்து பிடித்தால் கை சுடுவதில்லை.