இச்சி மரம் பிடித்த கற்றளி: களக் குறிப்புகள்

பிப்ரவரி 4

இடிந்த கோயிலைப் பார்க்க இலை உதிர்ந்த காலமே சரி. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி பக்கத்துக் காடு தை கடைசியில் பாதி மொட்டையாகிவிடும். கார்த்திகையில் போனால் உண்ணிச்செடிப் புதரும் ஆளுயரப் புல்லும்தான் தெரியும், கல் தெரியாது.

யானையை மறக்கக் கூடாது. ராகி விளைச்சலை ஒட்டி, அக்டோபரிலிருந்து பெங்களூரு அருகேயுள்ள பன்னர்கட்டா பக்கமாக இறங்கும் கூட்டங்கள் தளி, ஜவளகிரி, நொகனூர், ஊடேதுர்கம் காடுகளில் சுற்றும். இப்போது திரும்பும் நேரம், அதிலும் சில தங்கிவிடும். காலை 8 மணிக்கு முன் உள்ளே போவதில்லை, மாலை 4 மணிக்கு மேல் இருப்பதில்லை.

அனுமதிதான் முதல் வேலை. கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கொடுத்தால் நிலம் யாருடையது என்று பதிவேட்டில் தெரிந்துவிடும். காப்புக்காடு என்றால் மாவட்ட வன அலுவலரின் எழுத்து அனுமதி வேண்டும். 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் கிருஷ்ணகிரி, தருமபுரி இரண்டு மாவட்டங்களிலும் பரந்து கிடக்கிறது, அதன் எல்லைக்குள் என்றால் கெடுபிடி இன்னும் அதிகம். அறநிலையத் துறைக் கோயில் என்றால் செயல் அலுவலர், பட்டா நிலம் என்றால் உடையவர். நாங்கள் போவது கோயில் புறம்போக்கு, காட்டோரம். வட்டாட்சியரிடம் அளக்கவும் புல் நீக்கவும் கடிதம் வாங்கியாயிற்று. மரம் வெட்ட அந்தக் கடிதம் போதாது.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

பிப்ரவரி 5

வழியில் ஆடு மேய்ப்பவர் நிறுத்திச் சொன்னார்: "வடக்கால பக்கமா போவாதீங்க சார், கொடுங்கைக்கு அடியில தேன்கூடு தொங்குது." கொடுங்கை என்றால் சுவருக்கு வெளியே நீளும் கல் கூரை விளிம்பு. மலைத்தேனீ. வாசனைத் தைலம், சென்ட் எதுவும் பூசிக்கொண்டு போகக் கூடாது, புகை போடக் கூடாது, வெட்டுக்கத்தியால் கல்லைத் தட்டிச் சத்தம் எழுப்பக் கூடாது. வடக்குச் சுவரை இந்த முறை தொலைவிலிருந்து படம் மட்டும் எடுப்பது என்று முடிவு.

மற்ற ஆபத்துகளையும் இங்கேயே சொல்லிவிடலாம். கற்குவியலில் சுருட்டை விரியன் இருக்கும், கை வைப்பதற்கு முன் கழியால் தட்ட வேண்டும். கணுக்காலை மூடும் காலணி கட்டாயம். பூனைக்காலிக் கொடியின் காய் மேலே பட்டால் தேய்க்காமல் ஒட்டுநாடா ஒட்டி உரித்து எடுக்க வேண்டும், தேய்த்தால் சுணை இன்னும் உள்ளே இறங்கும். கருவறைக்குள் வௌவால் எச்சம் காய்ந்து தூளாகக் கிடக்கிறது. மூச்சில் போனால் நுரையீரலில் பூஞ்சைத் தொற்று வரலாம். தண்ணீர் தெளித்து அடக்கிவிட்டு, முகக்கவசம் போட்டு நுழைவது நல்லது.

முதல் பார்வையில் எது முகப்பு என்றே தெரியவில்லை. மண் மூடி, முன்மண்டபம் சரிந்து, எல்லாப் பக்கமும் ஒரே மேடு. இப்படிப்பட்ட இடத்தில் கோமுகியை, அதாவது கருவறை நீர் வெளியேறும் கல் தூம்பை, தேட வேண்டும். கிழக்கு நோக்கிய கோயிலானாலும் மேற்கு நோக்கியதானாலும் அபிஷேக நீர் வடக்கேதான் விழும். தூரத்திலிருந்து தொலைநோக்கியில் அது கிடைத்தது. பிறகு திசை பார்த்துக் கட்டடம் தானாக விரிந்துவிட்டது: கிழக்கு வாசல், கருவறை, அர்த்தமண்டபம், விழுந்துகிடக்கும் முன்மண்டபம். கபோதம், அதாவது அந்தக் கொடுங்கை வரை கருங்கல், அதற்கு மேலே செங்கல்லும் சுதையும். சிகரம் இல்லை. அது இருந்த இடத்தில் இச்சி மரம்.

பிப்ரவரி 6

இன்று முழுக்க மரம்.

இச்சி, ஆல், அரசு மூன்றும் ஒரே வழியில்தான் கோயிலுக்குள் நுழைகின்றன. மைனா, குயில், வௌவால் எல்லாம் பழம் தின்று விமானத்தில் எச்சமிடும். சுதை உதிர்ந்த செங்கல் இடுக்கில் ஈரம் தங்கும், விதை முளைக்கும். கருங்கல்லின் முகத்தில் விதை பிடிக்காது. ஆகவே கல் கோயிலானாலும் அழிவு மேலே உள்ள செங்கல் தளத்தில் தொடங்குகிறது. விமானத்துச் சுதைப் பூச்சை 10, 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்துச் சரிசெய்த ஊர்களில் மரம் ஏறுவது அரிது.

அடுத்தது வேர். இந்தச் சுவரை ஒரே கல் என்று நினைத்துவிடக் கூடாது. வெளிமுகத்தில் ஒரு வரிசைக் கல், உள்முகத்தில் ஒரு வரிசை, நடுவே செங்கல் துண்டும் மண்ணும் போட்ட நிரப்பு. கல்லுக்குக் கல் சாந்து கிடையாது, எடையே பிடிமானம். வேர் மெல்லிய நூலாக அந்த நிரப்புக்குள் இறங்குகிறது. மண்ணைத் தொட்ட பிறகுதான் தடிக்க ஆரம்பிக்கும். உள்ளே தடித்தால் வெளிமுகக் கல்லை நெட்டித் தள்ளும். பார்ப்பவர்கள் சுவரின் வெளியே தொங்கும் பெரிய வேரைக் கண்டு பயப்படுகிறார்கள். வெளியே தெரிகிற வேர் பாதி நேரம் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும், கண்ணுக்குத் தெரியாததே உடைக்கும்.

தெற்குச் சுவரின் கோட்டத்தில் (சிலை வைக்கும் மாடத்தில்) தட்சிணாமூர்த்தி இருந்திருக்க வேண்டும், சிலை இல்லை. கோட்டத்தின் நடுவே ஒரு வேர் இறங்கியிருக்கிறது, சுற்றளவு 62 செ.மீ. கல்லால மரத்தடியில் அமர்ந்தவருக்கு அதே குடும்பத்து மரம் வந்து சேர்ந்திருக்கிறது.

"வெட்டிடலாமே சார்" என்று யாராவது கேட்காமல் இருக்க மாட்டார்கள். வெட்டினால் நடப்பது இது: அடியில் வெட்டிய இச்சி ஒரே மழையில் பத்துத் தளிர் விடும், வேர் முன்பைவிட வேகமாகத் தடிக்கும். கயிறு கட்டி இழுத்தால் வேர் பிடித்திருக்கும் கல்லும் கூடவே வரும். கொன்றுவிட்டு அப்படியே விட்டாலும் சில ஆண்டுகளில் வேர் மக்கி, சுவருக்குள் குழாய் போல ஓட்டை விழும். அடுத்த மழை நீர் அதற்குள் இறங்கி நிரப்பு மண்ணைக் கரைக்கும். மரம் இருந்தபோது நின்ற சுவர் மரம் செத்த பிறகு சரிவது இதனால்தான்.

எங்கள் கணக்கு வேரின் கனத்தை வைத்து. பென்சில் கனத்துக் கன்றை மழை ஈரத்தில் வேரோடு பிடுங்கலாம். கட்டைவிரல் கனம் என்றால் வெட்டி, வெட்டிய முகத்தில் பால் கட்டிப்போகும் முன்பே, சில நிமிடங்களுக்குள் மரத்தைக் கொல்லும் மருந்து தடவ வேண்டும். மணிக்கட்டு கனத்துக்கு மேலே போனால் தொல்லியல் பொறியாளர் இல்லாமல் தொடவே கூடாது. அவர்களும் முதலில் உச்சிக் கிளைகளைத்தான் கழிப்பார்கள், ஏனென்றால் காற்றில் மரம் ஆடும்போது ஒவ்வொரு கல்லும் நெம்பப்படுகிறது. ரம்பத்தால் அறுக்க வேண்டும். கோடாலி கூடாது, அதன் அதிர்வே தளர்ந்த மூடுகல்லை இறக்கிவிடும். பிறகு வேர் மக்க மக்க, அந்த ஓட்டையில் சுண்ணாம்புச் சாந்தைக் கீழிருந்து மேலாக நிரப்பிக்கொண்டு போக வேண்டும்: ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்புக்கு இரண்டு, மூன்று பங்கு சலித்த மணல், கொஞ்சம் செங்கல் பொடி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர். சிமெண்டு போட்டால் ஈரம் வெளியேற வழியில்லாமல் பக்கத்துச் செங்கல் உப்புப் பூத்து உதிரும்.

தண்டில் துளையிட்டுப் பெருங்காயம் அடைக்கும் பழைய வைத்தியத்தைப் பலர் சொல்கிறார்கள். கன்றுக்குச் செய்துபார்க்கலாம். தொடைக் கனத்து வேருக்கு அதை நம்பி உட்கார முடியாது.

கம்போடியாவின் தா புரோம் படத்தைக் காட்டி, மரத்தோடு அழகாக விடலாமே என்பவர்களும் உண்டு. ஏழாம் ஜயவர்மன் 1186இல் எழுப்பிய அந்த விகாரத்தைப் பெருமளவு மரங்களோடேயே விடுவதென்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் முடிவு செய்தார்கள். ஆனால் அது சும்மா விடப்படவில்லை. முட்டுக் கொடுத்து, மரத்தின் நலனைப் பார்த்து, பார்வையாளருக்கு மரப்பாதை போட்டு ஓயாமல் பராமரிக்கிறார்கள். நம் இந்தியத் தொல்லியல் துறையே அங்கே அந்த வேலையில் பங்கெடுக்கிறது. அங்கே மணற்கல், இங்கே கருங்கல். அந்தப் பராமரிப்பு இல்லாமல் மரத்தை மட்டும் விட்டுவைப்பது வேறு.

பிப்ரவரி 8

அளவு. 30 மீட்டர் நாடா, நைலான் கயிறு, தூக்குக்குண்டு, நீர்மட்டக் குழாய், வரைதாள். சுவரை அளந்தால் தப்பு, அது சாய்ந்திருக்கிறது. அதிட்டானத்தின் (கல் அடித்தளத்தின்) கீழ் வரிசையான ஜகதியின் விளிம்பில் அளக்க வேண்டும், தரையோடு இருப்பதால் அது அதிகம் நகராது. நான்கு பக்கமும் அளந்துவிட்டு இரண்டு மூலைவிட்டத்தையும் எடுத்தால் சதுரம் சதுரமா என்று தெரிந்துவிடும். நாடா தொய்ந்தால் நீளம் கூடும், நடுவில் ஒருவர் ஏந்திப் பிடிக்க வேண்டும்.

தெற்குச் சுவர் கபோதத்திலிருந்து தூக்குக்குண்டு விட்டதில், மேல்பகுதி 11 செ.மீ. வெளியே தள்ளியிருக்கிறது. மூன்று இடத்தில் விரிசல். இருபுறமும் சிறு ஒட்டுச்சீட்டில் புள்ளி வைத்து (பெயிண்ட் வேண்டாம்) இடைவெளியை அளந்தோம்: அ 14, ஆ 9, இ 21 மி.மீ.

அர்த்தமண்டபத்தில் ஓர் உத்திரம் நடுவில் விரிசல் விட்டிருக்கிறது. கருங்கல் அமுக்கத்தைத் தாங்கும், வளைவைத் தாங்காது. மேலே செங்கல் தளம், அதன் மேல் ஊறிய மண், அதன் மேல் வேர். விட்ட உத்திரத்துக்கு அடியில் நின்று படம் எடுக்காதீர்கள். முட்டுக் கொடுப்பதானால் சவுக்குக் கழி கல்லைத் தொட்டு நிற்க வேண்டும், ஆப்பு அடித்துத் தூக்கக் கூடாது. தூக்கினால் இன்னோர் இடத்தில் விடும்.

பிப்ரவரி 9

காற்று. மரம் ஆடும்போது உள்ளே கல் உரசும் சத்தம் கேட்டது. வேலை இல்லை.

பிப்ரவரி 11

கல்வெட்டு. அதிட்டானத்தின் மற்ற வரிசைகளான குமுதத்திலும் பட்டிகையிலும் எழுத்து இருக்கிறது, முக்கால்வாசி மண்ணுக்குள். தமிழ், நடுவே கிரந்தம். இந்தப் பகுதியில் கன்னடக் கல்வெட்டும் சாதாரணம். ஒய்சள மன்னன் வீரராமநாதன் பிற்காலத்தில் இருந்த குந்தாணி, வேப்பனப்பள்ளிக்கு அருகேதான்.

எழுத்தில் சுண்ணக்கட்டி தேய்ப்பது, மாவு பூசுவது இரண்டும் வேண்டாம். மாவில் பூச்சி வரும், சுண்ணத்தூள் எழுத்துப் பொறிப்புக்குள் தங்கிவிடும். மாலை 3 மணிக்கு மேல் சாய்வெயிலில் எழுத்து தானாக எழும். இல்லாவிட்டால் கண்ணாடியில் வெயிலைப் பிடித்துப் பக்கவாட்டில் அடித்தால் போதும். கம்பித் தூரிகை கூடவே கூடாது, தென்னை நார்த் தூரிகையும் தண்ணீரும் போதும்.

மைப்படி (கல்வெட்டைத் தாளில் மையால் நகலெடுப்பது) எடுப்பது இப்படி: கல்லை நனைத்து, ஈரத்தாளை ஒட்டி, மயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தட்டித் தட்டி எழுத்துக்குள் தாளை இறக்க வேண்டும். தாள் முக்கால் பங்கு காய்ந்ததும், துணி கட்டிய ஒற்றியில் மையைத் தொட்டு, முதலில் ஒரு பலகையில் ஒற்றிக் குறைத்து, பிறகு மெல்ல ஒற்ற வேண்டும். ஈரம் அதிகமிருந்தால் மை பரவி எழுத்து அடைந்துவிடும். முழுக்கக் காய்ந்துவிட்டால் தாள் கல்லை விட்டு எழும்பும், காற்றில் கிழியும். இந்தப் பருவத்தில் காலை 7 முதல் 9 மணிதான் தாளுக்கு நல்ல நேரம், நமக்கோ யானை கணக்கு 8 மணி. நான்கு தாள் முயன்று இரண்டு தேறின.

வரி ஒரு கல்லிலிருந்து அடுத்ததற்குத் தொடர்கிறதா என்று பார்க்க வேண்டும். இங்கே தெற்கில் இரண்டு கல் இடம் மாறியிருக்கின்றன, வாசகம் பாதியில் முறிகிறது. எப்போதோ ஒரு திருப்பணியில் பிரித்து மீண்டும் அடுக்கியிருக்கிறார்கள். தூண் தலையில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை பூமுனைப் பாணி. 13ஆம் நூற்றாண்டை ஒட்டி வைக்கலாம், அதற்கு மேல் படி வாசித்த பிறகுதான்.

ஏற்கெனவே யாராவது படி எடுத்திருக்கிறார்களா என்று தேடுபவர்களுக்கு ஒன்று. தருமபுரி 1965 வரை சேலம் மாவட்டம், கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரி மாவட்டம். பழைய கல்வெட்டு அறிக்கைகளில் இந்த ஊர்களைச் சேலத்தின் கீழ்தான் தேட வேண்டும். கிருஷ்ணகிரி என்று தேடி, இல்லை என்று விட்டவர்கள் உண்டு.

பிப்ரவரி 12

கோயிலிலிருந்து நூறு அடியில் ஒரு நடுகல், மஞ்சள் பூசி வேடியப்பன் என்ற தெய்வமாக வழிபாட்டில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி இரண்டிலும் நடுகல் பிழைத்திருப்பதே பெரும்பாலும் இந்த வழிபாட்டால்தான். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்கிறேன் என்று கையை வைக்க வேண்டாம். ஊர்ப் பெரியவரைக் கேட்டுப் படம் மட்டும் எடுத்தோம்.

கருவறைக்குள் லிங்கத்தின் பீடமான ஆவுடையார் புரட்டப்பட்டு, அடியில் ஆளுயரக் குழி. புதையல் தேடியவர்கள். கோயில் கட்டும்போது பீடத்தின் அடியில் மணியும் பொன்னும் சிறிதளவு வைப்பது வழக்கம், அதைக் கேள்விப்பட்டு வருகிறார்கள். ஊர்ப் பெயரும் செயற்கைக்கோள் புள்ளியும் இங்கே இல்லாததற்குக் காரணம் இந்தக் குழிதான். செல்பேசிப் படத்தோடு இருப்பிடம் ஒட்டிக்கொண்டு போகும், பகிர்வதற்கு முன் அதை நீக்குங்கள். காசோ சிலையோ கண்ணில் பட்டால் எடுக்காமல், மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிப்பது சட்டப்படியும் கடமை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே தெரிவிக்க வேண்டும்.

விழுந்த கற்களின் விளிம்பையும் பார்த்தோம். சதுரக் குழி வரிசை பழைய ஆப்புத் தடம், கோயில் கட்டியபோதே விழுந்தது. அரைவட்டமாக நீண்ட பள்ளம் இயந்திரத் துளை, நம் காலத்து வேலை. முன்மண்டபத்தின் மூன்று கல்லில் இரண்டாவது வகை இருக்கிறது. மரம் செய்யாத சேதமும் மரத்தின் கணக்கில் எழுதப்படுகிறது.

பிப்ரவரி 20

வரைபடம், 214 படங்கள், இரண்டு மைப்படி, விரிசல் அளவு, எல்லாம் மனுவோடு போயிற்று. கேட்டது மூன்று: உத்திரத்துக்கு முட்டு, உச்சிக் கிளை கழிப்பு, விமானத்துக்கு மேல் மழைத் தடுப்புத் தகரம். மரத்தை அகற்றச் சொல்லி எழுதவில்லை.

மே 18

இரண்டு கோடை மழைக்குப் பிறகு மீண்டும் அளந்தோம். அ 14, ஆ 9. இ மட்டும் 21லிருந்து 23. அது கிழக்கு மூலையில், விட்ட உத்திரத்தின் நேர்கீழே. மழைநீர் இறங்கிய கறையும் அதே வழியில் இருக்கிறது. தேனடை போய்விட்டது, வடக்குச் சுவரை இந்த முறை அருகில் போய் அளக்கலாம்.

அர்த்தமண்டபக் கபோதத்தில் புதிதாக எட்டு இச்சிக் கன்று, ஒன்றும் பென்சில் கனமில்லை. ஈரத்தில் ஏழு வேரோடு வந்தன. எட்டாவது விட்ட உத்திரத்துக்கு மேலே இருக்கிறது, யாரும் ஏறவில்லை.