ஆய்வுக்கூடமும் நாற்காலியும்: டர்பன் நாட்குறிப்பு

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

வேதியியல் துறைத்தலைவர் பொறுப்புக்கு விண்ணப்பிக்கும்படி டீன் இன்று மறுபடியும் கேட்டார். நிர்வாகத்துக்குப் போனவர்கள் திரும்பி வந்து ஆய்வுக்கூடத்தில் ஒரு கரைசலாவது தயாரித்து நான் பார்த்ததில்லை. சில நாள் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

15 ஆகஸ்ட், வியாழன்

அறிவியலிலிருந்து துணைவேந்தர் நாற்காலிக்குப் போனவர்களில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்கு தெரிந்தவர் மலேகபுரு வில்லியம் மக்கோபா. டர்பனில் மருத்துவம் படித்து, ஆக்ஸ்போர்டில் முனைவர் பட்டம் பெற்ற நோயெதிர்ப்பியல் அறிஞர் அவர். 1990களின் நடுவில் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் துணைவேந்தருக்கு அடுத்த நிலையில் இருந்தபோது, பேராசிரியர்கள் 13 பேர் அவர்மீது குற்றச்சாட்டுகளை அடுக்க, அந்த மோதல் நாடு முழுவதும் பேசப்பட்டு, அவர் நிர்வாகப் பொறுப்பிலிருந்து விலகுவதில் முடிந்தது. அத்தோடு அவர் பாதை அடைபட்டுவிடவில்லை. தென்னாப்பிரிக்க மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தின் தலைவரானார்.

எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்று அரசுத்தலைவர் எம்பெக்கியே ஐயம் எழுப்பிக்கொண்டிருந்த காலம் அது. 2000ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயதுக்குள் இறந்தவர்களில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் எய்ட்ஸால் இறந்தனர் என்ற மதிப்பீட்டை அம்மன்றம் 2001இல் வெளியிட்டது. அரசு முகம் சுளித்தபோதும் மக்கோபா அந்த எண்ணை விட்டுக்கொடுக்கவில்லை. அவர் வாழ்வில் நான் மிகவும் மதிப்பது இந்த ஒன்றைத்தான். பதவிகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

18 ஆகஸ்ட், ஞாயிறு

டர்பனில் இந்தியர்கள் பெருமளவில் வாழும் சாட்ஸ்வொர்த்தில் பெரியப்பாவைப் பார்த்துவிட்டு வந்தேன். 1961இல் இந்தியர்களுக்கென்று சாலிஸ்பரி தீவில், கடற்படையின் பழைய குடியிருப்புகளில் தொடங்கிய கல்லூரியில் படித்தவர். அது 1972இல் வெஸ்ட்வில் மேட்டுக்கு மாறி, 2004இல் நேட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைந்து குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகமானது. இணைந்த பல்கலைக்கழகத்தை 2015 வரை நடத்தியவர் மக்கோபா. "நிறவெறி கட்டினதுதான், ஆனாலும் நம்ம பிள்ளைங்க அதை நம்மளோடதா ஆக்கிட்டாங்கம்மா" என்றார் பெரியப்பா. இணைப்பு தேவைதான் என்பது என் எண்ணம், அவரிடம் வாதாடவில்லை.

21 ஆகஸ்ட், புதன்

காலையில், கலவைகளைப் பிரித்தறியும் குரோமட்டோகிராஃபி கருவியின் அழுத்தம் ஏறிக்கொண்டே போனது. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் அடைப்பு. புதியதை மாற்றியதும் அழுத்தம் இறங்கியது. நிர்வாகத்தில் அடைப்பு எங்கே என்று கண்டுபிடிப்பதற்குள்ளேயே பதவிக்காலம் முடிந்துவிடும் போலும்.

2008இல் இதே குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தில் கல்விச் சுதந்திரம் பற்றிய ஓர் ஆவணத்தை ஆட்சிப்பேரவையில் விவாதிக்க இடம் தரப்படவில்லை என்று வெளிப்படையாகப் பேசிய இருவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கப்பட்டது. அவர்களில் ஒருவரான இயற்பியல் பேராசிரியர் நித்தயா செட்டி பதவி விலகினார். பின்னாளில் விட்வாட்டர்ஸ்ராண்டில் அறிவியல் புலத்தின் டீனானார். அரசின் முன் ஓர் எண்ணுக்காக உறுதியாக நின்ற அதே மக்கோபாவின் நிர்வாகத்தில்தான் இதுவும் நடந்தது. சான்று கையில் இருக்கும்போது அசையாமல் நிற்க ஆய்வுக்கூடம் பழக்கிவிடுகிறது. சக ஆசிரியர் எதிர்த்துப் பேசும்போது பொறுமையாகக் கேட்பதற்கு அங்கே பயிற்சி கிடையாது.

24 ஆகஸ்ட், சனி

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். வெள்ளிக்கிழமைகள் ஆய்வுக்கூடத்துக்கு வேண்டும், என் முனைவர் பட்ட மாணவர்களை வேறொருவரிடம் மாற்றக்கூடாது என இரண்டு நிபந்தனைகளை எழுதியிருக்கிறேன். முதலாவதை டீன் ஒப்புக்கொள்வது கடினம்.