அஞ்சலி போஸ்டரில் பிறந்த தேதி எதற்கு?

சென்னையில் ஒருவர் இறந்த மறுநாளே தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் ஏறிவிடும். படம், முழுப்பெயர், 'தோற்றம்' என்று பிறந்த தேதி, 'மறைவு' என்று இறந்த தேதி, முகவரி, மகன்கள் பெயர், அவர்களுடைய செல் நம்பர். இறந்தவர் பெயரில் மோசடி செய்ய நினைப்பவனுக்கு, ஆளை அடையாளம் காண வங்கி கேட்கும் கேஒய்சி படிவத்தில் பாதி அங்கேயே நிரம்பிவிட்டது. மீதிக்கும் பெரிதாக அலைய வேண்டாம். கதவு எண் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. பெற்றோர் பெயர் இறப்புச் சான்றிதழில் இருக்கிறது. 1969-ஆம் ஆண்டு பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 17-ஆவது பிரிவுப்படி, வாரிசு அல்லாதவரும் பதிவேட்டைத் தேடச் சொல்லி நகல் கேட்கலாம். இறப்புக்கான காரணம் மட்டும் அதில் வராது.

இதையெல்லாம் பூட்டி வைக்க வழியில்லை. போஸ்டரில் தேதிக்குப் பதில் வயதை மட்டும் போடலாம், அவ்வளவுதான். நம் கையில் இருப்பது, இறந்தவர் பெயரில் திறந்து கிடக்கும் கணக்குகளை மூடுவது. அதில் வரிசை முக்கியம்.

பல வீடுகளில் முதலில் நிற்பது செல்போன் ரீசார்ஜ். அதைக் கடைசியில்தான் நிறுத்த வேண்டும். 90 நாள் பயன்படுத்தாத ப்ரீபெய்டு எண் துண்டிக்கப்படலாம். துண்டித்து 90 நாள் கழிந்தால் அதே எண் வேறொருவருக்குப் போகலாம். வங்கிக் கணக்கு அதற்குள் மூடப்படவில்லை என்றால் ஓடிபி அந்நியர் கைக்குப் போகும். சிம்மை ஒரு பழைய போனில் போட்டு, வரும் எஸ்எம்எஸ்களைத் தினமும் பாருங்கள். எந்தெந்த வங்கியில் கணக்கு இருந்தது என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

வங்கிக்கு இறப்புச் சான்றிதழ் நகலோடு கடிதம் கொடுத்து, கார்டு, நெட் பேங்கிங், யுபிஐ மூன்றையும் நிறுத்தச் சொல்லி, இன்னொரு பிரதியில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். (காரியச் செலவுக்கு என்று இறந்தவரின் ஏடிஎம் கார்டில் பணம் எடுப்பது சகஜம்தான், ஆனால் பின்னால் மற்ற வாரிசுகளிடம் பதில் சொல்ல வேண்டி வரும்.) அடுத்து ஆதார்: சிம் உயிரோடு இருக்கும்போதே ஓடிபி வாங்கி பயோமெட்ரிக்கை (கைரேகை, கருவிழிப் பதிவை) லாக் செய்யுங்கள். பான் கார்டை அவசரப்பட்டு ஒப்படைக்க வேண்டாம். சட்டப்படியான வாரிசாக வருமான வரித் தளத்தில் பதிந்து, கடைசி ரிட்டர்ன் போட்டு, ரீஃபண்ட் வந்த பிறகு போதும். வாக்காளர் பட்டியலில் பெயர் நீக்க படிவம் 7.

வேலை நின்றுபோகும் இடம் பெரும்பாலும் இனிஷியல். இறப்புச் சான்றில் 'கி. ராமன்', பான் கார்டில் 'ராமன் கிருஷ்ணசாமி'. வங்கி திருப்பி அனுப்பும், குடும்பம் சலித்து விட்டுவிடும், கணக்கு அப்படியே கிடக்கும். இறப்பைப் பதியும்போதே ஆதாரில் உள்ள எழுத்துப்படி கொடுத்தால் பாதித் தொல்லை இல்லை.

பெரிய இழப்பு காலி மனையில்தான். சர்வே எண் தெரிந்த யாரும் பதிவுத்துறை தளத்தில் இலவசமாக வில்லங்கம் (அந்தச் சொத்தின் மேல் நடந்த பதிவுகளின் பட்டியல்) போட்டுப் பார்க்கலாம். முப்பது நாற்பது வருடமாக ஒரு பதிவும் இல்லாத மனை என்றால், உரிமையாளர் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்று மோசடிக்காரன் கணக்குப் போடுவான். இறந்தவர் போலவே ஓர் ஆளை நிறுத்தி, மனையை விற்க அதிகாரம் தரும் பவர் பத்திரம் எழுதுவான். மோசடிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்ய வழி தந்த பதிவுச் சட்டத்தின் 77-ஏ பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024-இல் செல்லாது என்றது. சிவில் கோர்ட்டுக்குப் போனால் வருடக்கணக்கு.

ஆகவே பட்டாவை வாரிசுகள் பெயருக்கு மாற்றுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கம் பாருங்கள். பழைய சர்வே எண்ணை மட்டும் போட்டால், நிலம் பிரிக்கப்பட்டு உட்பிரிவு எண் வந்த பிறகு நடந்த பதிவு விடுபடலாம். நகர எல்லைக்குள் என்றால் டவுன் சர்வே எண்ணையும் பிளாக்கையும் போட்டுத் தனியாக இன்னொரு முறை தேடுங்கள்.