இரண்டு புள்ளியில் போன இருநூறு

12 ஜனவரி 2025, ஞாயிறு

நேற்றிரவு கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குக் கீழே, பன்றிக்காவல் கொட்டிலில் ஆடிய முன்னூற்றுநாலுச் சீட்டாட்டத்தில் விழுந்த கை. எட்டுப் பிடியும் (நாலு பேரும் ஒவ்வொரு தாள் போடும் சுற்று ஒரு பிடி) நினைவில் நிற்கும்போதே எழுதிவிட வேண்டும்.

முன்னூற்றுநாலுக்கு 32 தாள். ஜாக் 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராசா 3, ராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளி இல்லை. தாளின் பலமும் இதே ஒழுங்கில்தான். ஓர் இனத்துக்கு 76, நாலுக்கும் சேர்த்து 304. இனங்களுக்கு எங்கள் பக்கத்துப் பழைய ஆட்கள் சொல்லும் பெயர்களையே எழுதுகிறேன்; ஒல்லாந்தர் விட்டுப்போனவை. இஸ்கோப்பன் ஸ்பேட், ஆடுத்தன் ஹார்ட், உருவித்தன் டயமன்ட், கலாவரை கிளாவர்.

ஆட்களை இருந்த திசையால் சொல்கிறேன்; வடக்கும் தெற்கும் ஒரு பக்கம். ஆட்டம் வலக்கைப் பக்கமாகச் சுற்றும். கிழக்கு தாள் பகிர்ந்தது. முதல் நாலு தாளில் தெற்குக்கு வந்தவை இஸ்கோப்பன் ஜாக், ஒன்பது, ராணி, ஏழு. நாலும் ஒரே இனம் என்றால் 160 புள்ளி எடுப்போம் என்ற கேள்வியோடு நிற்கத் தேவையில்லை. 200 கேட்டது சரியான கேள்வி. ஆனால் துரும்பாக, அதாவது மற்ற இனங்களை வெட்டும் இனத்தைக் குறிக்க, கவிழ்த்தது ஏழு; வெளியே வரும்வரை துரும்பு எது என்று மற்றவர்களுக்குத் தெரியாது. அடுத்த நாலு: ஆடுத்தன் ஆஸ், உருவித்தன் ஜாக், எட்டு, கலாவரை ராசா.

பனிக்காலத்தில் தாள் ஈரம் பிடித்து இரண்டிரண்டாக ஒட்டும். கொஞ்சம் முகப்பவுடர் தடவி, ஆளுக்கு எட்டு என்று எண்ணிய பிறகே தொடங்க வேண்டும்.

13 ஜனவரி, திங்கள்

முதற்பிடி: வடக்கு ஆடுத்தன் ஜாக், மேற்கு ஏழு, தெற்கு ஆஸ், கிழக்கு ராணி. கேட்ட பக்கத்துக்கு 43.

இரண்டாவது: வடக்கு கலாவரை ஏழு இறக்க, மேற்கு ஜாக்கைப் போட்டது. தெற்கின் ராசாவும் கிழக்கின் ஒன்பதும் தனித்தாள்கள், போடத்தான் வேண்டும். எதிர்ப்பக்கத்துக்கு 53.

மூன்றாவதில்தான் கை உடைந்தது. மேற்கு கலாவரை ராணி. தெற்கிடம் கலாவரை முடிந்துவிட்டது. கவிழ்த்து வைத்திருந்த ஏழையே எடுத்து வெட்டியது. கிழக்கிடமும் கலாவரை இல்லை. அதன் கையில் புள்ளியில்லாத தாள் இரண்டு: உருவித்தன் ஏழு, இஸ்கோப்பன் எட்டு. உருவித்தன் தன்னிடம் மூன்று, இஸ்கோப்பன் இரண்டுதான். தன்னிடம் குறைந்த இனம் துரும்பாக இருக்கும் வாய்ப்புக் கூட. எட்டைக் கவிழ்த்துப் போட்டது. கடைசியாக வடக்கு, தன் கூட்டு வெட்டிவிட்டது என்று நம்பி ஆஸை இறக்கியது. நிமிர்த்திப் பார்த்தால் ஏழுக்கு மேல் எட்டு. 13 புள்ளி அந்தப் பக்கம். துரும்பும் வெளியே வந்துவிட்டது.

வெட்டுவதற்குக் கவிழ்த்த தாளைத்தான் எடுக்க வேண்டும் என்றில்லை. கையிலிருக்கும் துரும்பையும் போடலாம். அங்கே ராணியால் வெட்டியிருந்தால் எட்டு அடிபட்டிருக்கும், 15 புள்ளி இந்தப் பக்கம் சேர்ந்திருக்கும்.

15 ஜனவரி, புதன்

நடுப்பிடிகளில் சொல்ல அதிகம் இல்லை. நாலாவது: கிழக்கு உருவித்தன் ஏழு, வடக்கு கலாவரை எட்டைக் கழித்தது, மேற்கு ராணி, தெற்கு ஜாக். 32. ஐந்தாவது: தெற்கு துரும்பு ஜாக்கை இறக்க பத்து, ஆஸ், ராசா மூன்றும் விழுந்தன. 54. ஆறாவது: துரும்பு ஒன்பது. கிழக்கு உருவித்தன் ராசா, வடக்கு கலாவரை பத்து, மேற்கு ஆடுத்தன் பத்து. 43. இதுவரை 172.

மேற்கு பத்தைக் கழித்ததை மறக்கக் கூடாது.

18 ஜனவரி, சனி

ஏழாவது பிடி. தெற்கு துரும்பு ராணியை இறக்கியது. கிழக்கின் கையில் இரண்டு தாள்: ஆடுத்தன் ஒன்பது, உருவித்தன் ஆஸ். எவரும் ஆஸைப் பிடித்து வைக்கத்தான் பார்ப்பார்கள், இனத்தில் வெல்லக்கூடிய தாள் என்று.

கிழக்கு எண்ணியது இப்படி. கலாவரையில் எல்லாத் தாளும் விழுந்துவிட்டன. வடக்கு நாலாம் பிடியிலேயே உருவித்தன் இல்லை என்று காட்டியது; ஆகவே அதன் கையில் ஆடுத்தன் ராசாவும் எட்டும். எஞ்சிய உருவித்தன் ஒன்பது, பத்து, எட்டு மூன்றில் தெற்கிடம் ஒன்று, மேற்கிடம் இரண்டு. மேற்கிடம் எட்டு இருந்திருந்தால் ஆறாம் பிடியில் எதிராளிக்குப் பத்துப் புள்ளி கொடுத்திருக்காது, எட்டைத்தான் கழித்திருக்கும். எட்டு தெற்கிடம். மேற்கே அதை அடிக்கும், தன் ஆஸ் தேவையில்லை.

ஆஸைக் கழித்து ஒன்பதை வைத்தது. வடக்கு ராசா, மேற்கு உருவித்தன் பத்து. 26, மொத்தம் 198. கடைசிப் பிடியில் தெற்கு உருவித்தன் எட்டு, மேற்கு ஒன்பது. கிழக்கின் ஒன்பதும் சேர்ந்து 40 அங்கே. அந்தப் பக்கம் மொத்தம் 106. ஒன்பதைக் கழித்து ஆஸை வைத்திருந்தால் தெற்கு 207 எடுத்து வென்றிருக்கும்.

வடக்கின் ஆஸையும் தாள்களைப் பரப்பிவைத்துத் திரும்ப ஆடிப் பார்த்தோம். மூன்றாம் பிடியில் கலாவரை எட்டைப் போட்டு, நாலாவதில் ஆடுத்தன் எட்டைக் கழித்து, கலாவரை ஆஸையும் பத்தையும் துரும்பு ஒன்பதுக்கும் ராணிக்கும் கொடுத்திருந்தால் 206. மேசையில் இரண்டு தாள் கவிழ்ந்து கிடக்கும்போது ஆஸைக் கொடுப்பது அவசரம். அதில் ஒன்று எதிராளியுடையது.

200 கேட்டுத் தோற்றால் எங்கள் கணக்கில் மூன்று புளியங்கொட்டை. தெற்கு எண்ணிக் கொடுத்தது.